மூணாவது பாட்டுல வர்ற அடி

— மூணாவது பாட்டை மட்டும் எடுத்துடு சுப்ரியாக்கா. மத்த பாட்டெல்லாம் அப்பிடியே வரட்டும்.

— என்ன முனிவேலு, போனைப் போட்டு வெளாடுறியா? சாயங்காலம் ஆல்பம் வெளிய வருது. நம்ம மூணு பேரும் செத்துச் சுண்ணாம்பாகிப் பண்ணுன மொத ஆல்பம். அந்தப் பாட்டுதேன் அதுக்கு உசுரே.

— அதுல எங்க கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் சத்தம் இருக்குதுக்கா. உள்ளாற போன் எடுத்துகினு போவக்கூடாது. நான் திருட்டுத்தனமா ரெக்கார்ட் பண்ணேன். தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க.

— அடப்போப்பா! ஓசூர்ல இருந்து சூளகிரி வரைக்கும் ஷெட்டு ஷெட்டா மெஷின் அடிச்சுக்கிட்டுத்தேன் கெடக்கு. நீயும் வெங்கட்டும் வேல பாக்குற கம்பெனி மெஷின்னு எவன் கண்டுபிடிப்பான்?

— எங்க லைன்ல எவன் கேட்டாலும் சொல்லிருவான். நடுவுல ஒரு அடி ஜாஸ்தி விழுதே, அது அந்த ஒரு மெஷின்லதான்.

— அந்த அடியா? அது நீ டிரம்ஸ்ல போட்டதுன்னுல்ல நெனச்சேன்! அதுக்காகத்தான எழுதுனேன், ‘அழைக்காமல் இறங்கும் இரும்பே, யாரைத் தேடி வருகிறாய்’னு.

— நான் போடலக்கா. பெடல் மிதிச்சா ஒரு அடிதான் எறங்கணும். அது சில நேரம் மிதிக்காமலே இன்னொரு தபா எறங்கும். கேக்க நல்லா இருந்துச்சு, ரெக்கார்ட் பண்ணிகினு வந்துட்டேன்.

— மிதிக்காமயா? கை உள்ள இருந்தா என்னத்துக்கு ஆகுறது! சரி, இத்தன நாளு இல்லாத பயம் இன்னைக்கு எதுக்கு வந்துச்சு?

— காலை ஷிஃப்ட்ல அதே மெஷின்ல ஒரு ஆளோட கை மாட்டிக்கிச்சு.

— ஆத்தாடி! யாரோடது?

— மெஷின் நல்லாத்தான் இருந்துச்சாம், ஆளுதான் கவனமில்லாம கைய வச்சானாம். மேனேஜர் சொல்லிகினு இருக்காரு. நான் வாயத் தொறந்தேன், ‘சும்னிரு’ன்னு கன்னடத்துல ஒரு அதட்டு. மதியத்துக்குள்ள மெஷினையும் சரி பண்ணிட்டாங்க.

— அப்ப அது கெட்டுக் கெடந்துச்சுங்கிறதுக்கு நம்ம பாட்டை விட்டா வேற சாட்சி இல்ல. அதப் போயி எடுக்கச் சொல்றியே, நீயெல்லாம் மனுசனா?

— பொண்டாட்டிக்கு இது ஏழாவது மாசம்க்கா! மத்தூர்ல எனக்கு நெலமா நீச்சா? இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவேன்?

— சரி சரி, அழுவாத. ஒம் பயம் எனக்குப் புரியுது. ஆனா நம்ம ரெண்டு பேரும் மட்டும் முடிவு பண்ண முடியாதுப்பா. வெங்கட் கிட்டாரும் அதுலதான இருக்கு? காலைல இருந்து அடிக்கிறேன், போனையே எடுக்க மாட்டேங்கிறான்.

— அவன்கிட்ட கேட்டுட்டேன்க்கா. ஆஸ்பத்திரில அவன் பக்கத்துலதான் நிக்கிறேன்.

— முனிவேலு... வெங்கட்டா? எந்தக் கைடா?

— இடது கை. நாலு விரலு.

— அய்யோ... அவன் என்ன சொன்னான்?

— ‘எங் கிட்டாரைக் கம்மி பண்ணு, மெஷினை ஏத்து’ன்னான்க்கா.