கரண்டி வைக்காத கோப்பைகள்

எங்கள் பக்கத்தில் தேநீர் போதும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும். அதுவரை வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருப்பார். நீங்களும் கூச்சப்படாமல் குடியுங்கள், இன்ஸ்பெக்டர்.

ஃபோல்கர்ட்டும் நானும் ஒரே நில அளவை அலுவலகம். செயற்கைக்கோள் சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் கடல் மட்டமும் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் இறங்கும். அந்த வித்தியாசத்தை பூமி ஈர்ப்பின் கணித மாதிரியிலிருந்து கணக்கிடும் மென்பொருளை எழுதியவன் நான். நுணுக்கமாக ஓட்டினால் நேரமாகும். ஃபோல்கர்ட் தலைவரானதும் முக்கால்வாசிக் கணக்கை வெட்டச் சொன்னார். உயரம் அரை மீட்டர் வரை பிசகும் என்றேன்.

“டேய் எனோ, அரை மீட்டருக்கு யாருடா அழுறாங்க? உன் மிஷின் முட்டை போடுறதுக்குள்ள எனக்குப் பென்ஷனே வந்துடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வசந்தத்தில், அலை இறங்கிக் கடல் சில மணி நேரம் வற்றும்போது சேற்றில் தீவுக்கு நடந்து போக ஒரு புதுப் பாதை பார்த்தார். அதற்கு உயரம் கேட்டார். வெட்டிய கணக்கில் பாதை நடுவே உள்ள ஓடை உண்மையைவிட நாற்பது சென்டிமீட்டர் மேடாகத் தெரிந்தது. முழுக் கணக்கையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். கொடுத்தது அவர் கேட்ட வெட்டிய கணக்கை.

அவர் அந்தப் பாதையில் நடக்கக் கிளம்பிய அன்று காலை அவர் மனைவி ஹில்கெ போன் செய்தாள்.

“நானும் அவரோட நடக்கப் போறேன் எனோ. திரும்பறதுக்குள்ள தண்ணி வந்துடாதே?”

“கணக்குப்படி நேரம் இருக்கு. பயப்படாம போயிட்டு வா.”

அது பொய் அல்ல. எந்தக் கணக்கு என்று அவள் கேட்கவில்லை. நல்லவள், எனக்கு உடம்பு சரியில்லாதபோது சூப் கொண்டுவந்து கொடுத்தவள்.

என் வீடு கரைமேல் இருக்கிறது. தொலைநோக்கியில் பார்த்தேன். ஓடை நடுவில் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். மீட்புப் படகை அழைக்கப் போன் கையிலேயே இருந்தது. அழைத்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். அரை மீட்டர் மறுபடியும் வேடிக்கைப் பேச்சாகியிருக்கும். அதனால் போனை மேசைமேல் வைத்தேன்.

இப்போது அலுவலகத்தில் யாரும் வெட்டிய கணக்கை ஓட்டுவதில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்தல் ஒன்றும் இல்லை. மேசையில் இரண்டு கோப்பைகள் கூடுதலாக இருப்பதை வந்தது முதல் பார்க்கிறீர்கள். நீங்கள் கரண்டியை உள்ளே வைத்துவிட்டீர்கள். அவர்கள் இன்னும் வைக்கவில்லை. கொஞ்சம் இருங்கள், அவர்களுக்கு ஊற்றிவிட்டு வருகிறேன்.