சோபாவைத் திருப்பி ஏற்றிய வள்ளல்

அவையைக் கட்டியாளும் தலைவி உதயகுமாரி அம்மையாரே, ஒஸ்லோவின் பனியைப் பொருட்படுத்தாது முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோரே, அடுப்படி வேலையிடையே எனக்குச் செவி கொடுக்கும் தாய்மாரே, கைபேசியைச் சற்றே கீழே வைத்த இளையோரே, வணங்குகிறேன்!

கொடை பற்றிப் பேசப் பணித்தீர்கள். கொடுத்தவரைப் பாடவா? கொடுத்ததுபோல் காட்டியவரைப் பாடவா?

சென்ற மாதம் நம் நகரின் குரோருட் பகுதியில் மயூராவின் வீடு எரிந்தது. பிள்ளைகளோடும் உடுத்த உடையோடும் வெளியே வந்தாள் அந்தத் தாய். குடியிருக்க வெறும் வீடொன்று கிடைத்தது. வீட்டுப் பொருள் தாருங்கள் என்று நம் சங்கம் கேட்டது.

வந்தார் வள்ளல்! கணினி கற்றவர், கார் இரண்டு கொண்டவர், கருணை பொங்கக் கைபேசியோடு வந்தார். தம் பழைய சோபாவைப் படமெடுத்தார். அமெரிக்க மைத்துனர் சொல்லிக்கொடுத்த செயலி, ஒன்பதாயிரம் குரோனர் என்று அதை மதிப்பிட்டது. உள்ளிருந்து கம்பி குத்துவதைச் செயலி அறியுமா? நாய் கடித்த கைப்பிடியை அறியுமா? எப்படி அறியும்? அந்தப் பக்கத்தை அவர் படமே எடுக்கவில்லை!

சிரிக்கலாம், பின்வரிசைத் தம்பி. யாரென்று திரும்பித் தேடாதீர்.

சோபாவை மயூரா வீட்டில் இறக்கினார். சின்னவள் அதிலேயே உறங்கிவிட்டாள். வள்ளலோ, ஒன்பதாயிரத்துக்கு வரிக்கழிவுச் சான்று கேட்டு, அங்கே உதவிக்கு வந்திருந்த நம் பொருளாளர் இமெல்டாவின் முன் நின்றார். அமெரிக்காவில் எப்படியோ, இந்நாட்டில் பணமாகக் கொடுத்தால்தான் கழிவு, தட்டுமுட்டுச் சாமானுக்கு இல்லை என்று இமெல்டா பொறுமையாக விளக்கினார். வள்ளலின் முகம் கறுத்தது.

"அப்ப இதை நான் ஏன் இஞ்சை விடவேணும்?" என்றார்.

கேட்டீர்களா, தாய்மாரே? கேட்டீர்களா?

மயூரா வாதாடவில்லை. "பொறுங்கோ அண்ணை, பிள்ளையைத் தூக்கிறன்" என்றாள். தூக்கினாள். வள்ளல் சோபாவை வான் வண்டியில் ஏற்றினார். ஏற்றியவர் என்ன கண்டார்? விற்பனைக்கு என்றார், எவரும் வரவில்லை. இலவசம் என்றார், எவரும் வரவில்லை. கடைசியில் குப்பை மையத்துக்குத் தாமே சுமந்தார்!

வள்ளல் சோபாவை ஏற்றிப்போன அன்று மாலையே இமெல்டா தம் வரவேற்பறைச் சோபாவை மயூரா வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். மயூரா அதில் அமரவில்லை. ஒருமுறை பட்டவள் அல்லவா? இதற்கு எவ்வளவு, பிறகு ஆரும் கேட்டு வருவார்களா என்று நின்றபடியே விசாரித்தாள்.

"விலையெல்லாம் எனக்குத் தெரியாது பிள்ளை. நீ முதல்ல இரு" என்றார் இமெல்டா.

அதுதான் கொடை! அது மட்டும்தான் கொடை! இமெல்டா வீட்டுக்கு இன்று யார் போனாலும் சமையலறைக் கதிரையில்தான் அமர வேண்டும். நான் போய் அமர்ந்தேன். இந்த மேடை நாற்காலியைவிட அது உயரம்.

நேரம் தந்த தலைவிக்கும், நெஞ்சு தந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்!