மெதுவாக ஏறினால் பேட்டரிக்கு நல்லது

வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார நல்ல நாற்காலி இருக்க வேண்டும். முதுகு சாய்கிற மாதிரி, கைப்பிடி வைத்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறவர் பாதி எழுந்த மாதிரியேதான் பேசுவார். உங்கள் ஸ்டேஷனில் போட்டிருப்பதும் அந்த ரகம்தான். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். எழுதுகிறவருக்குக் கை வலிக்காத மாதிரி நிதானமாகவே சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கிற வேலை பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது வீட்டு வாசல். நாற்பது வீட்டிலும் என்னிடம் பேசிய பேச்சு ஒன்றுதான்: "மீட்டர் அந்தப் பக்கம் இருக்கு." அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். மீட்டர் அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவி போய்ச் சேர்ந்தாள். மகளும் மருமகனும் என்னோடு வந்து இருந்தார்கள். மின்சாரக் கார் ஒன்று வாங்கி, ஷெட்டுச் சுவரில் சார்ஜ் ஏற்றும் பெட்டியையும் பொருத்தினார்கள். ஆறு மாதத்தில் மகளுக்கு மாற்றல் வந்தது. மகள், மருமகன், கார் மூன்றும் கிளம்பிப் போயின. பெட்டி மட்டும் சுவரில் தங்கிவிட்டது.

"அப்பா, அதைக் கழட்டி யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள் மகள்.

"இருக்கட்டும்மா. அது என்ன சோறா கேக்குது?" என்றேன்.

என் வீட்டுக்கு எதிரில் எட்டு மாடிக் குடியிருப்பு. அதன் பக்கத்துக் காலி மனையில் நகராட்சி ஒரு பலகை நட்டிருந்தது: 'மின்சாரக் கார் சார்ஜிங் நிலையம் – விரைவில்.' அந்த 'விரைவில்' என்ற சொல்லை நம்பிக் குடியிருப்பில் பதினான்கு பேர் கார் வாங்கினார்கள். வாங்கிய பிறகு, கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் யாரும் சார்ஜ் போடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டது. மூன்றாவது மாடியில் யாரோ தலையணைக்கு அடியில் செல்போனைச் சார்ஜில் போட்டுத் தூங்கி, உறை கருகியதுதான் காரணம். ஆக, பதினான்கு பேரிடம் கார் இருந்தது. மின்சாரத்துக்குப் பலகை இருந்தது. வெயிலில் எழுத்து வெளுத்துப் போனபோது நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து, 'விரைவில்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்.

முதலில் வந்தவர் நாலாவது மாடி நர்ஸம்மா. ஐம்பது வயதிருக்கும். வாசலிலேயே நின்று, "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல சார்ஜர் இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னாரு. ஒரு மணி நேரம் போட்டுக்கட்டுமா?" என்றார்.

போட்டுக்கொள்ளச் சொன்னேன். காத்திருக்கிற நேரத்துக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் கணவர் கணக்கு வாத்தியார், இதயத்தில் கோளாறு. இதய டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. "அவருக்காகத்தான் சார் வண்டியை எப்பவும் ஃபுல்லா வச்சிருக்கணும்னு பார்க்கிறேன்" என்றார். கிளம்பும்போது, "உங்ககிட்டப் பேசினது மனசுக்கு லேசா இருக்கு" என்றார். முப்பத்தொரு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு பல் டாக்டர் வந்தார், போட்டோக்காரர் வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு நாளும் நேரமும் வைத்துக்கொடுத்தேன். நர்ஸம்மாவுக்குப் புதனும் சனியும். காசு வாங்கவில்லை, கொடுக்க வந்தவர்களிடம் கோபித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த நாற்காலிகளை வாங்கிப் போட்டேன். தெருவே என்னைத் தங்கமான மனிதர் என்றது. நர்ஸம்மாவுக்கு நான் 'சார்' போய் 'அண்ணா' ஆனேன்.

ஒரே ஒரு குறை. வேண்டிய அளவு ஏறியதும் எழுந்து போய்விடுவார்கள். பேச்சு பாதியில் நிற்கும், டீ பாதியில் நிற்கும். பெட்டியைத் திறந்தால் உள்ளே மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறியது மூன்று மணி நேரத்தில் ஏறியது, அவ்வளவுதான்.

"என்ன சார், முன்னெல்லாம் சட்டுனு ஏறிடுமே?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"மெதுவா ஏறினா பேட்டரிக்கு நல்லது டாக்டர்" என்றேன். அது பொய்யும் இல்லை.

இந்த நிலையில் நகராட்சிக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது. டேப்போடு வந்து மனையை அளந்தார்கள். எனக்குச் சில நியாயமான கவலைகள் இருந்தன. அவற்றை மனுவாக எழுதிப் போட்டேன். மழைநீர் வடிகால் அடைபடும் என்று 'பொதுநலம் விரும்பி' பெயரில் ஒன்று. கர்ப்பிணிப் பெண்களுக்குக் கதிர்வீச்சு வரும் என்று 'கவலைப்படும் தாய்மார்கள்' பெயரில் ஒன்று. சத்தம் போடாத கார்கள் பின்னால் வந்து நின்றால் முதியவர்கள் பயந்துபோவார்கள் என்று இன்னொன்று. பலகைக்குப் பின்னால் ஒரு குருவிக் கூடு இருக்கிறது என்பது நான்காவது. நான்கிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

நகராட்சி ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு குழு அமைத்தது. குழுவில் தெருவாசி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஊருக்கே இலவசமாகச் சார்ஜ் கொடுக்கிறவரை விட்டால் வேறு யார்? ஒரு குழு பாக்கியில்லாமல் நான்கிலும் என்னைப் போட்டார்கள். மனு எழுதியவனும் நான், மனுவை விசாரித்தவனும் நான். எந்தப் பக்கமும் சாயாமல்தான் விசாரித்தேன். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்த மனுக்களில் நியாயம் இருந்தது. அப்படியே குறிப்பு எழுதினேன்.

போதாததற்கு, நிலையத்தைச் சீக்கிரம் கட்ட வற்புறுத்துவதற்கென்று குடியிருப்பில் தனியாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர் பதவிக்கு என் பெயரை நர்ஸம்மா முன்மொழிந்தார். கூட்டம் என் ஷெட்டிலேயே நடக்கும்.

"எவன் சார் இந்த மனுவெல்லாம் போடுறது? கையில கிடைச்சான்னா மயக்க ஊசி போடாமலேயே பல்லைப் புடுங்கிடுவேன்" என்பார் பல் டாக்டர்.

"விடுங்க டாக்டர். எதிர்க்கிறவங்க பக்கமும் ஏதாவது இருக்கும். பொறுமையா போவோம்" என்பேன். என் பெருந்தன்மையைப் பார்த்துக் கூட்டத்தில் கைதட்டுவார்கள்.

இப்படி இரண்டு வருடம் நல்லபடியாகப் போனது. அப்புறம் நகராட்சிக்கு ஒரு இன்ஜினியரம்மா மாற்றலாகி வந்தார். காகிதத்தில் இருப்பதை அப்படியே நம்பாத சுபாவம். ஏணி போட்டுத் தானே ஏறிக் கூட்டைப் பார்த்தார். மேலிருந்தே, "சார், இதுல குருவி எதுவும் இல்ல. மெத்தைப் பஞ்சுதான் இருக்கு" என்றார். அந்தக் கூட்டைக் கட்ட எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த அம்மாவுக்கு அது இரண்டு நிமிட வேலை. அடுத்த வாரமே பள்ளம் தோண்டினார்கள். கம்பங்கள் வந்து இறங்கின.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நர்ஸம்மா காரைக் கொண்டுவந்து விட்டார். ஏழு சதவீதம் மிச்சம் இருந்தது. செருகியைச் செருகினார். 'கிளிக்' என்று சத்தம் கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கிறேன் அண்ணா. அடுத்த மாசம் அங்க திறந்துடுவாங்களாம். அப்புறம் உங்களுக்கு எங்க தொல்லை விட்டுது" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அவர் தெருவைக் கடந்து போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குப் பின்பக்கம் போய், ஷெட்டுக்குப் போகிற லைனின் ஸ்விட்சைக் கீழே இறக்கினேன். ஐந்து மணிக்கு வருவார், ஏறவில்லை என்பார், நான் சரிசெய்கிற மாதிரி ஏதாவது செய்வேன், ஏறி முடியும் வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இதில் என்ன தீங்கு இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அவர் ஐந்து மணிக்கு வரவில்லை. பகல் இரண்டு மணிக்கு வந்தார். வாட்ச்மேன் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் கணக்கு வாத்தியாரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வாத்தியாரின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"அண்ணா, இவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம் ஆகுமாம். வண்டி ஃபுல் ஆயிடுச்சா?"

"ஆயிருக்கும்மா" என்றேன்.

அன்று என் வாசலில் போட்டோக்காரரின் காரும் நின்றுகொண்டிருந்தது. முந்தின நாளே முழு சார்ஜும் ஏறிவிட்டது, அவர் இன்னும் எடுத்துப் போகவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இதை நீங்களே கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவது மரியாதை. அதைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், இந்தக் காருக்கு என்ன என்று கேட்பார். அவ்வளவு அவசரத்தில் இருக்கிறவரிடம் எதையென்று விளக்குவது? சாயங்காலம் திரும்பி வந்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைப்பார்? நானே செருகியை உருவினேன். வாத்தியாரை உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டேன்.

"உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுக்கிறோம் சார்" என்றார் வாத்தியார். அந்த வலியிலும் மரியாதை குறையவில்லை. நல்ல மனிதர்.

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே தெரிந்த சார்ஜ் எண்ணை நர்ஸம்மா பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் கணவர் முகத்தில் இருந்தது. அந்தப் பழைய பேட்டரியில் ஏழு சதவீதத்துக்கு ஒரு பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும். கார் தெருமுனை திரும்பியதும் நான் பின்பக்கம் போய் ஸ்விட்சை மேலே தூக்கினேன். மறுநாள் காலை பல் டாக்டர் வருவார். வருகிறவரைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பெரிய பாலத்தின் நடுவில் சார்ஜ் தீர்ந்து கார் நின்றது. வாத்தியாரைத் தரையில் கிடத்தி, ஆம்புலன்ஸ் வரும் வரை அரை மணி நேரம் நர்ஸம்மாவே அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாராம். அவருக்குத் தொழிலே அதுதான். ஆனாலும் பயனில்லை.

செருகியைத் தான்தான் சரியாகச் செருகவில்லை என்று நர்ஸம்மா நினைத்துக்கொண்டார். "அந்த கிளிக் சத்தம் வந்துச்சா இல்லையான்னு எனக்கு ஞாபகமே வரல அண்ணா. இருபத்தெட்டு வருஷமா ஊசி மருந்துல ஒரு துளி தப்பு பண்ணாதவ நான். இதைப் பார்க்காம விட்டுட்டேனே" என்று என் ஷெட்டில் உட்கார்ந்து அழுதார்.

"யாருக்கும் நடக்கிறதும்மா. உங்களை நீங்களே திட்டிக்காதீங்க" என்றேன். அவர் மேல் தப்பு இருப்பதாக ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

தெரு கொந்தளித்தது. சார்ஜிங் நிலையம் இருந்திருந்தால் ஒரு உயிர் போயிருக்காது என்று நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்தார்கள். தலைவர் என்ற முறையில் நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் நடக்காத வேலை பத்தொன்பது நாளில் நடந்தது. ஆறு கார்கள் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றலாம். நிலையத்துக்கு வாத்தியார் பெயரையே வைத்தார்கள். திறப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். தாமதம் என்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று ஒரு கால் மணி நேரம் பேசினேன். நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பல் டாக்டர் காரில் போகும்போது கையை ஆட்டுவார், அதோடு சரி. நர்ஸம்மா மட்டும் வந்தார். காரை விற்றுவிட்டார், வேலைக்கும் போகவில்லை. தினமும் நாலு மணிக்குத் தெருவைக் கடந்து வருவார். அந்தச் சனிக்கிழமையை முதலிலிருந்து சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன். 'உங்க தப்பு இல்லம்மா' என்பேன். அவர் நம்பமாட்டார். மறுநாள் மறுபடியும் வருவார். புதன், சனி என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. எட்டு மாதம், ஒரு நாள்கூடத் தவறவில்லை. துக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு ஆறுதலாக இருந்தோம் என்ற திருப்தி சாதாரணமானது இல்லை, ஐயா.

நேற்று வந்தவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "தங்கச்சி கூப்பிடுறா அண்ணா. அவ ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். அந்தப் பாலத்தைப் பார்க்காம இருந்தாலாவது கொஞ்சம் தூக்கம் வரும்" என்றார். வீட்டைக் காலி செய்ய எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டதாம்.

அதைக் கேட்டதும் என் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு ஒரு பெண் ஊரை விட்டுப் போவது நியாயமா? அதனால்தான் வந்தேன். ஸ்விட்சை இறக்கியது நான். ஃபுல் ஆயிருக்கும் என்று சொன்னது நான். அந்த மனுக்களும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, வக்கீல் வேண்டாம்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்த வழக்கில் முக்கிய சாட்சி நர்ஸம்மா. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு அவர் வந்தாக வேண்டும், எதிரில் நானும் இருப்பேன். வழக்கு முடிகிற வரை சாட்சி ஊரை விட்டுப் போகக் கூடாது என்று இன்றைக்கே எழுதிக்கொடுத்துவிடுங்கள். அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். சாமான் ஏற்ற லாரி நாளைக் காலையிலேயே வந்துவிடும்.