பத்து வரியில் நூலளந்த கத்திரி அக்காவுக்கு

நயம்பட உரைத்த நாவே! நடுநிலை பிறழாத நெஞ்சே! எங்கள் வார இதழின் ‘புது வரவு’ நூல் மதிப்புரைப் பக்கத்தைப் பொன்போல் காத்த பெருந்தகையே! புத்தகக் கட்டுகளுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியைத் தேடித் தேடியே முப்பது ஆண்டுகளைக் கழித்த எங்கள் அன்பு அக்காவே! அமருங்கள். இன்று உங்கள் பணிநிறைவு விழாவில் நாங்கள் வாசிக்கிறோம். நீங்கள் குறுக்கே வெட்ட முடியாது.

கவிதை, கணிதம், துப்பறியும் கதை, தோட்டக்கலை, சிறுவர் நூல் எனக் கைக்கு வந்ததையெல்லாம் கடைசிப் பக்கம்வரை படித்து, ஒவ்வொன்றையும் பத்தே வரியில் பகர்ந்த பாங்கை என்னென்று பாராட்டுவோம்! நாங்கள் எழுதியதில் பதினோராவது வரி கண்டால் மெய்யான கத்திரியையே எடுத்து நறுக்கென்று வெட்டியதால் அல்லவா இந்தப் பட்டப்பெயர்! குறை சொல்லாமல் மதிப்புரை கொடுத்தவர்களை, “இது மதிப்புரையா, சோப்பு விளம்பரமா? எங்க இடிக்குதுன்னு ஒரு வரி எழுதிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினீர்கள்.

பக்க வடிவமைப்பாளர் அட்டைப்படங்களை மாற்றி வைத்துவிட்ட வாரத்தை மறக்க முடியுமா! சமையல் நூலின் படத்துக்குக் கீழே, ‘விஷம் வைத்தது யார் என்பதைக் கடைசிவரை ஊகிக்க முடியவில்லை’ என்று அச்சாகிவிட்டது. அதன் ஆசிரியர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வடிவமைப்பாளரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “கடைசியா பார்த்தது நான்தாங்க, தப்பு என்னுது” என்று பழியை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். மறுவாரம் அந்நூலைப் பார்த்துச் சமைத்து எங்களுக்கும் கொண்டுவந்தீர்கள். உப்பு கூடுதல் என்று மதிப்புரையில் எழுதவும் தவறவில்லை.

உங்கள் விதிப்படி இம்மடலிலும் ஒரு குறை வேண்டுமே! இருக்கிறது, அக்கா. நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்கள் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. “நம்ம ஆளுங்க புத்தகத்தை நம்ம பக்கத்துலயே போட்டா ஊரு சிரிக்கும். பேசாம வேலையப் பாருங்க” என்று எங்கள் வாயை அடைத்தீர்கள். மற்ற இதழ்களோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வாராவாரம் அவற்றின் மதிப்புரைப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்து, நீங்கள் மடித்து வைத்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எத்தனையோ பேர் நூலுக்கு வாசகரைத் தேடித் தந்தவரின் நூல், கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று உங்கள் மகள் சொன்னபோது எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று மாலையோடு நீங்கள் ‘நம்ம ஆள்’ இல்லை, சட்டப்படி வெளியாள்! ஆகவே வரும் இதழின் ‘புது வரவு’ பக்கத்தில் நான்கு ஆண்டு பழையதானாலும் முதலிடம் உங்கள் நூலுக்கே. முதன்மை ஆசிரியரும் சரி என்றுவிட்டார். பத்தே வரிதான். அதன் முடிவு இது:

‘ஒரே வீட்டில் பேசாமல் வாழ்பவர்களை இத்தனை பரிவோடு எழுதியவர் அண்மையில் எவருமில்லை. இடிப்பது ஒன்றே ஒன்று: மனம் ஒன்றத் தொடங்கும்போதே கதைகள் முடிந்துவிடுகின்றன. தன் எழுத்தின்மீதே ஆசிரியர் கத்திரி வைத்திருக்கிறார்.’

உடல்நலம் குன்றாமல், கண்ணொளி மங்காமல், சிரித்த முகத்தோடு நெடுநாள் வாழுங்கள், அக்கா! உங்கள் மேசை இழுப்பறையிலிருந்த கத்திரியை நாங்கள் எடுத்து ஒளித்துவிட்டோம். தேடாதீர்கள். வீட்டுக்குப் போய் முழுதாக எழுதுங்கள்.

உங்கள் கையால் வெட்டுப்பட்டு வளர்ந்த,
‘புது வரவு’ பகுதிப் பணியாளர்கள்