பதினாலாம் நம்பர் வாசல்

வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன், சார். பெக்கான் நானாஸில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்து இருபத்தெட்டு வருஷம், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மருமகள் கோபித்துக்கொண்டு போனாளா, மகன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டானா, எல்லாம் வாசலிலேயே எழுதியிருக்கும். ஜனங்கள்தான் படிப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பிரேமளா தனி ஆள். தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, காதில் பஞ்சு அடைத்து, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை தூங்குவாள். தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் அவள் வாசலில் ஆம்பளைச் செருப்பு கிடந்தது. கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன். நாலே பேர்தான். கடைசியில் பார்த்தால், திருடன் பயந்து போகட்டும் என்று அவளே வாங்கிப் போட்ட செருப்பாம்.

"என் செருப்ப எண்ணுனது போதும் காளியம்மாக்கா. உங்க வீட்ல ஆம்பளச் செருப்பு நிக்கலன்னா நான் என்ன லா பண்றது?"

கோயில் வாசலில் வைத்துக் கேட்டாள். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போன கதை தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து செருப்பை உள்ளே வைத்தாள். அவளைப் பார்த்துத் தெருவே உள்ளே வைத்துக்கொண்டது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பொழுதுதான் போகவில்லை.

மார்ச்சில் அன்னாசித் தோட்டப் பக்கம் தீப்பிடித்தது. எங்கள் மண் சதுப்பு மண். மேலே அணைத்தால் அடியில் கனன்று வேறெங்கோ எழும். இரண்டு நாள் புகை எல்லாருக்கும் பழகிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் காற்று திரும்பியது. பள்ளி மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். தொண்டூழியர் யுகேந்திரன் பட்டியலோடு ஓடிவந்து பதினாலாம் நம்பர், பிரேமளா வீட்டுக் கேட்டைத் தட்டினார். பதிலில்லை.

"அக்கா, இங்க ஆள் இருக்கா?"

"செருப்பு இல்லையே தம்பி."

"நீங்க சொன்னா சரிதான்," என்று கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

நான் பொய் சொல்லவில்லை, சார். செருப்பு இல்லைதான். ஏர்கோன் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மண்டபத்தில் குடிக்க மைலோ கொடுத்தார்கள். யார் வந்தாச்சு, யார் வரவில்லை என்று தெருவே என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு. பாதியில் எழுந்து போக மனம் வரவில்லை.

அவள் வீடு எரியவில்லை. புகைதான். கதவோரம் கிடந்தாளாம், பூட்டில் சாவியோடு. இப்போது அந்த வீட்டில் மின்சாரத்தை வெட்டி இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் மத்தியானமானால் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. குழாய்க்கடியில் வாளி வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் கிடக்கிறது.

மண்டபத்தில் எனக்கு வந்த அந்தப் போன்தானே? ஆமாம், பேசினேன். அவள் தங்கை மீனலோசனி, பத்து பாகாட் ஊரிலிருந்து.

"அக்கா போன எடுக்கலக்கா. எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாம இருக்காதே?"

தீ அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை. தீயணைப்பு வண்டி ஒன்று மண்டப வாசலில்தான் நின்றது. நாலு எட்டு நடந்தால் போதும்.

எனக்குத் தெரியாதும்மா என்றேன். நான் அப்படிச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. பாவம், உடனே நம்பிவிட்டாள்.