டவர் கெடைக்கலம்மா

"மாத்திர விக்கறவனுக்கு வாய மூடிக்கினு இருக்கத் தெரியாதா?" என்று கனகமாலா அக்கா மருந்துக்கடை வாசலில் நின்று கத்த, "அண்ணாமலையார் மேல சத்தியமா நான் யாருக்கும் சொல்லலீங்க" என்று கடைக்காரன் வேணு அதைவிடப் பெரிதாகக் கத்தினான். நான் எதிரே கொத்துமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன் இன்ஸ்பெக்டர் மேடம். சண்டை என்றால் கொஞ்சம் நின்று கேட்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே.

அக்கா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய், மகள் சுருதிக்குப் பேசிய சம்பந்தம் நின்றுவிட்டது. பழி வேணு தலையில். சொன்னது நான்தான். ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அக்கறையோடுதான் சொன்னேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்கா போகும் ஆஸ்பத்திரியில் ஃபைலெல்லாம் போன வருடம் செல்போனுக்கு வந்துவிட்டது. பிளாக்செயின் என்றார்கள். நோயாளி சம்மதித்தால்தான் டாக்டரே திறக்க முடியும். யார் திறந்தாலும், யார் மறுத்தாலும், பெயரும் நேரமும் பல இடங்களில் பதிந்துவிடும்; ஒருத்தராலும் அழிக்க முடியாது. தனக்கு நினைவு தப்பினால் சம்மதம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று அக்கா என் பெயரைக் கொடுத்தார். மகள் பெங்களூரில், நான் பக்கத்து வீட்டில். அந்த ஆளும் ஃபைலைப் பார்க்கலாம். பார்த்தேன். நாற்பத்தோரு தடவை என்கிறீர்கள், நான் எண்ணவில்லை.

சண்டை நடந்த அன்றே சுருதி வந்துவிட்டாள். "யாரு யாரு பாத்தாங்கன்னு லிஸ்ட் இருக்கும்மா. நாளைக்கு ஒக்காந்து பாத்துடலாம்" என்று அவள் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

மறுநாள் பௌர்ணமி. காலை பத்து மணிக்கு அக்கா காய்ச்சலில் நினைவு தப்பி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்குக் கேள்வி வந்தது: அனுமதிக்கவா, மறுக்கவா? ஃபைலைத் திறந்தால் அந்தப் பட்டியல்தான் முதலில் வரும். சுருதி டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறாள். மறுத்தேன்.

உடனே சுருதி கூப்பிட்டாள். "ஆன்ட்டி, ஓகே குடுங்க. ஊசி போடணுமாம். எது ஒத்துக்காதுன்னு ஃபைல்லதான் இருக்குதாம்."

"டவர் கெடைக்கலம்மா. கிரிவலக் கூட்டம், உனக்குத் தெரியாததா?"

"இப்ப பேசிக்கினுதானே இருக்கீங்க ஆன்ட்டி?"

"பேச வருது. நெட்டு வரல."

மறுபடியும் கேள்வி வந்தது; மறுத்தேன். மூன்றாவது தடவையும். அடுப்பில் பால் இருந்தது, பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாத ஊசியின் பெயர் ஃபைலில் சிவப்பு எழுத்தில் இருக்கும், எனக்கு மனப்பாடம். ஆனால் வாயால் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாளே. இனிமேல் காத்திருக்க முடியாதென்று டாக்டர் அந்த ஊசியையே போட்டார். பன்னிரண்டு மணிக்குள் அக்கா போய்விட்டார்.

மறுப்பும் பதிவாகும் என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன். உங்கள் கையில் இருக்கும் காகிதத்தில் மூன்றும் நிமிடக் கணக்கோடு இருக்கின்றன. எதையும் நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை.

வேணு கடையைக் காலி செய்துகொண்டு போளூருக்குப் போய்விட்டான். சுருதி போன மாதம் வந்தவாசிப் பக்கத்துப் பையன் ஜினசேனனைக் கட்டிக்கொண்டு பெங்களூரோடு தங்கிவிட்டாள். பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, இரண்டு வேளையும் ஊசி. உங்களிடம் சொல்வதால் ஒன்றுமில்லை மேடம். பிறத்தியார் விஷயத்தை வெளியே சொல்கிற ஆள் இல்லை நான்.