மாதுளைத் தோலும் மாப்பிள்ளையும்

பாளையங்கோட்டையிலிருந்து டவுணுக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி தன் அண்ணன் மனைவியிடம் சொன்னாள்:

"எம்மவ காலேஜுல, பீயில இருக்குத கிருமியத்தான் வளக்கா மைனி."

"வளத்து?"

"கொல்லுதா. வெறும் மாத்திரைக்குச் சாவாத கிருமி, மாதுளைத் தோல் சாறையும் சேத்து ஊத்துனா செத்துருதாம்."

"பொண்ணு பாக்க வந்தவுககிட்ட இதச் சொல்லலியே?"

"செடி ஆராய்ச்சின்னு சொல்லுட்டின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். காப்பியக் குடுத்துக்கிட்டே பீன்னுட்டா."

மைனி தலையில் கைவைத்துக்கொண்டாள். "போச்சா?"

"மாப்பிள்ளையோட அம்மா டம்ளரக் கீழ வச்சுட்டா. மாப்பிள்ளை மட்டும் பைய கேக்காரு, 'எனக்கு ஒரு மாசமா வயித்தால போவுது, எந்த மாத்திரையும் கேக்கல. என்னோடதக் கொண்டாந்தா பாப்பீங்களா'ன்னு."

"இவ என்ன சொன்னா?"

"மூடி போட்ட டப்பாவுல கொண்டாங்கன்னா. தையில கல்யாணம்."